சுருட்டை முடிக்கு வலிக்காத பின்னல்: சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் போடுவதும் பிரிப்பதும்

நம் வீடுகளில் சுருட்டை முடிப் பிள்ளைக்குச் சடை போடுவது என்றால் தண்ணீர் தொட்டு, எண்ணெய் வழிய வாரி, கண் ரெண்டும் மேலே இழுத்துக்கொள்ளும் அளவுக்கு இறுக்கிப் பின்னுவதுதான் வழக்கம். ஒரு முடி வெளியே நிற்கக் கூடாது, சாயங்காலம் வீடு திரும்பும்வரை கலையக் கூடாது, பார்க்கிறவர்கள் ‘இன்றைக்குத் தலை வாரவில்லையா’ என்று கேட்டுவிடக் கூடாது. பின்னுவது நல்லதுதான். இந்த ஊரின் ஈரக் காற்றில் சுருட்டை முடிக்கு அதைவிட நல்ல பாதுகாப்பு எனக்குத் தெரிந்து கிடையாது. கெடுப்பது அந்த இறுக்கம். பின்னல் காப்பாற்றுவது முடியின் நீளத்தையும் நுனியையும். வேருக்கு அது எப்போதுமே ஒரு சுமைதான், சின்னதோ பெரியதோ. அந்தச் சுமையைக் குறைத்துக்கொண்டு பலனை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும், அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுருட்டை முடிக்கு ஏன் தனிக் கவனிப்பு என்று பார்த்துவிடலாம். நேர் முடியை வெட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட வட்டமாக இருக்கும், சுருட்டை முடி தட்டையான நீள்வட்டம். அது வளையும் ஒவ்வொரு இடமும் மடித்த நூல் நைவது போல நையும். தலையில் சுரக்கும் எண்ணெய் நேர் முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும், சுருளில் இறங்காது, அதனால்தான் வேர் பிசுபிசுவென்றும் நுனி பரட்டையாகவும் ஒரே தலையில் இரண்டு விதமாக இருக்கிறது. இந்த நுனி சட்டைக் காலரிலும் பள்ளிப் பையின் வாரிலும் தலையணையிலும் நாள் முழுக்க உரசிக்கொண்டே இருந்தால் வெடித்து உடையும். வேரில் முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வளரத்தான் செய்கிறது. ‘என் முடி வளரவே மாட்டேன் என்கிறது’ என்று சொல்லும் பல பேருக்கு, மேலே வளர்வது கீழே உடைந்துகொண்டிருக்கிறது. பின்னினால் நுனி உள்ளே அடங்கிவிடும், உரசல் குறையும், தினமும் சீப்புப் போட வேண்டிய வேலையும் இல்லை.

இந்த வழக்கத்தை இன்று உலகம் முழுக்கப் பேச வைத்தவர்கள் கறுப்பினப் பெண்கள். தலையோடு ஒட்டி வரிசை வரிசையாகப் போடும் கார்ன்ரோ, தலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடும் பாக்ஸ் பிரெய்டு, இரண்டு கால் முறுக்கான ட்விஸ்ட் எல்லாம் ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாக வந்த கைவேலை, அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டவர்கள் அங்கேயும் விடாமல் காப்பாற்றிய வேலை. இந்தப் பின்னல்களைக் காரணம் காட்டி அவர்களை வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கியதால், 2019-ல் கலிபோர்னியாவில் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். அதனால் நாம் போட்டுக்கொள்ளும்போது பெயரையும் ஊரையும் சொல்லியே போட்டுக்கொள்வோம்.

ஆனால் அவர்கள் தலையில் நிற்பது நம் தலையில் அப்படியே நிற்காது, இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. நெருக்கமாகச் சுருண்ட ஆப்பிரிக்க முடி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், நுனியில் ரப்பர் போடாமலே பின்னல் பிரியாமல் இருக்கும். நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது அலை முடியோ தளர்ந்த சுருளோதான், அது வழுக்கும். வழுக்குகிறதே என்று பின்னுகிறவர் கூடுதலாக இழுப்பார், அங்கேதான் ஆபத்து ஆரம்பம். நம் முடியில் பின்னல் சீக்கிரம் தளரும், ஒரு வாரத்தில் பூனை முடி எழும்பும், அது இயல்பு என்று முதலிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டால் பாதி இறுக்கம் கையை விட்டுப் போய்விடும்.

குளிக்கும் நேரத்தை மாற்றுங்கள்

சிங்கப்பூரில் விடிவதற்குச் சற்று முன்னால் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். மழை இல்லாத நாளில் மதியம் இரண்டு, மூன்று மணிவாக்கில் 60 வரை இறங்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் வழக்கத்தைப் பாருங்கள்: காலை ஐந்தரைக்குப் பிள்ளைக்குத் தலைக்குக் குளிக்க வைத்து, ஈரத்தோடு பின்னி, ஏழரை மணிப் பள்ளிக்கு அனுப்புகிறோம். நாளிலேயே ஈரம் அதிகமான நேரத்தில் குளித்த முடி, பின்னலுக்குள் மாட்டிக்கொண்டு மதியம் வரை காயாது. சாயங்காலம் அவிழ்த்தால் ஒரு புளித்த வாடை வரும், அது அழுக்கு இல்லை, ஈரம் போக வழியில்லாமல் அடைந்து கிடந்ததன் வாடை.

ஈரமான முடிக்கு வலுவும் குறைவு. தண்ணீர் பட்டதும் முடிக்குள் இருக்கும் பிணைப்புகளில் ஒரு பகுதி விட்டுவிடும், முடி இழுத்த இழுப்புக்கு நீளும், அளவு மீறினால் அறுந்துவிடும். ஈரத்தில் நீண்ட நிலையில் பின்னினால் காயும்போது அது சுருங்கும். அப்போது பின்னல் தானாகவே இன்னும் இறுகும். ஈரத்தில் ‘சரியாக இருக்கிறது’ என்று தோன்றும் பின்னல் காய்ந்தபிறகு வலிப்பது இதனால்தான்.

ஆகவே தலைக்குக் குளிப்பதைச் சனி அல்லது ஞாயிறு காலை பதினொரு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்குள் காய்ந்துவிடும், அப்புறம் உட்கார்ந்து பின்னலாம், அந்தப் பின்னல் வெள்ளிவரை வரும். டிசம்பர், ஜனவரி மழைக் காலத்தில் மதியத்திலும் காயாது, அப்போது ஏர்கான் போட்ட அறையில் மின்விசிறிக்கு முன்னால் உட்கார வையுங்கள், அல்லது ஹேர் டிரையரைக் குளிர் காற்றில் வைத்துக் காட்டுங்கள். துவட்டுவதற்குத் தேங்காய்ப்பூத் துண்டு வேண்டாம், அதன் முடிச்சுகளில் சுருள் சிக்கிப் பிய்யும். வீட்டில் பழைய மல் வேட்டியோ நைந்த டி-சட்டையோ இருந்தால் அதில் அழுத்தி அழுத்தி ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் சண்டையே நடக்கிறது. தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லது என்று பாட்டிகள் சொன்னது சரிதான். முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று 2003-ல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வும் காட்டியது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தப் பலன் இல்லை. ஆனால் அது முடிக்கு, தலைத்தோலுக்கு இல்லை. பொடுகைக் கிளப்பும் மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. வேர்க்கால் முழுக்க எண்ணெய் ஊற்றி, வியர்வையோடு சேர்த்து, ஒரு வாரம் பின்னலுக்குள் மூடி வைத்தால் அது நன்றாகப் பெருகும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால், காது மட்டத்திலிருந்து கீழே நுனிவரை எண்ணெய் தடவி, பிறகு கழுவிவிடுங்கள். அரிப்பும் பொடுகும் இருப்பவர்கள் மேலே தொடவே வேண்டாம்.

வெளிநாட்டுக் காணொளிகளில் குளிர்நாட்டுப் பெண்கள் ஷியா வெண்ணெயை அப்பி அப்பிப் பின்னுவார்கள், கிளிசரின் கலந்த தண்ணீரைத் தினமும் தெளிப்பார்கள். அவர்கள் ஊரில் காற்று வறண்டது. இங்கே கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை முடிக்குள் இழுத்து முடியை உப்ப வைக்கும், கெட்டி வெண்ணெயோ அரை நாளில் வியர்வையோடு சேர்ந்து கழுத்தில் வழியும். நமக்குத் தேவை பிடிமானம்தான், அதற்கு ஆளி விதை ஜெல் போதும். கால் கப் ஆளி விதையை இரண்டு கப் தண்ணீரில் போட்டுக் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள், கரண்டியைத் தூக்கினால் நூல் இழுக்கிற பதம் வந்ததும் அடுப்பை அணைத்துச் சூடாக இருக்கும்போதே துணியில் வடிகட்டிவிடுங்கள், ஆறினால் வடியாது. லிட்டில் இந்தியாவில் முஸ்தபா பேரங்காடியிலும் தேக்காச் சந்தையைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளிலும் விதை கிடைக்கும். குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, வெளியே வைத்தால் இந்த வெக்கையில் கெட்டுப்போகும்.

சிக்கெடுப்பதும் பின்னுவதும்

சிக்கெடுப்பது குளிக்கும்போதே, கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே நடக்க வேண்டும். முடி ஈரமாக இருந்தாலும் அந்த வழுவழுப்பு சீப்பை மாட்டவிடாது. முதலில் விரல், பிறகு பெரிய பல் சீப்பு. நுனியிலிருந்து நாலு விரல் உயரம் சீவி, அது சரியானதும் இன்னும் நாலு விரல் மேலே போய், இப்படியே வேருக்குப் போங்கள். சிக்குக்கு மேலே முடியை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டால் இழுப்பு தலைக்குப் போகாது, பிள்ளை அழாது. காய்ந்தபிறகு சீப்பே போடாதீர்கள். வகிடு எடுக்க மட்டும் வால் சீப்பு.

முதலில் நம்முடைய இரட்டைச் சடை, ஏனென்றால் பள்ளிக்கு அதுதான் சுலபம். பல பள்ளிகளில் காலரைத் தாண்டும் முடியைக் கட்டியிருக்க வேண்டும், ரிப்பனும் கிளிப்பும் கறுப்பு அல்லது கருநீலமாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. இறுக்கமாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கேட்பதில்லை. நடு வகிட்டை ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் எடுக்காமல் ஒரு முறை நேராக, ஒரு முறை கொஞ்சம் வளைத்து, ஒரு முறை பின்பக்கம் மட்டும் எடுத்து மாற்றிக்கொண்டே இருங்கள். சடை காதுக்கு மேலே துவங்கினால் நெற்றியோர முடி முழுவதும் பின்னோக்கி இழுபடும். காதுக்குக் கீழே, பிடரிக்குப் பக்கத்தில் துவங்கினால் அந்த இழுப்பு இல்லை.

இனிக் கை. மூன்று காலாகப் பிரித்ததும் முதல் மூன்று மடிப்பை வேண்டுமென்றே தொளதொளவென்று விடுங்கள், சுண்டு விரல் நுனி உள்ளே போக வேண்டும். நாலாவது மடிப்பிலிருந்து வழக்கம் போல நெருக்கிப் பின்னலாம், அங்கே இறுக்கினாலும் பின்னல்தான் இறுகும், தலை இழுபடாது. பின்னல் எந்தப் பக்கம் தொங்கப்போகிறதோ அந்தப் பக்கமாகவே கையை வைத்துப் பின்னுங்கள். பின்னால் நின்றுகொண்டு முடியை உங்களை நோக்கி நீட்டி இழுத்துப் பின்னிவிட்டு விட்டால், அது கீழே தொங்கும்போது மேல்பக்க வேர்கள் மட்டும் தனியாக எடையைத் தாங்கும். பிடரியில் துவங்கும்போது பிள்ளையைக் கொஞ்சம் தலை குனியச் சொல்லுங்கள். நிமிர்ந்த தலையில் பின்னினால், வகுப்பில் எழுதக் குனியும் ஒவ்வொரு முறையும் கழுத்தோர முடி இழுக்கும், நாள் முழுக்க எத்தனை முறை குனிகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நுனியில் மூன்று விரல் அளவு விட்டுத் துணி சுற்றிய பேண்டால் கட்டுங்கள், வெறும் ரப்பர் பேண்டு முடியை அறுக்கும். கடைசியில் நுனியை மேலே மடித்துக் கட்டும் நம் பழைய ரிப்பன் சடை இருக்கிறதே, அதைப் பழைய பாணி என்று ஒதுக்காதீர்கள், நுனி முழுக்க உள்ளே போய்விடுவதால் பாதுகாப்பு என்று பார்த்தால் அதற்கு நிகர் இல்லை.

போட்டு முடித்ததும் சோதனை. புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள், தலையை நாலு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். எங்கேயாவது சுருக்கென்றால் அந்த இடத்தை அவிழ்த்துவிட வேண்டும். வேரோரம் தோல் சின்னக் கூடாரம் போல மேலே எழும்பி நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், நின்றால் அதுவும் அவிழ்க்க வேண்டியதுதான். ‘ரெண்டு நாளில் பழகிவிடும்’ என்று பெரியவர்கள் சொன்னால் மரியாதையோடு கேட்டுக்கொண்டு, அவிழ்த்துவிடுங்கள். வலிக்கும் பின்னல் பாதுகாப்புப் பின்னல் ஆகாது.

வேலைக்குப் போகிறவர்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் எனக்குப் பிடித்தது இரண்டு கால் முறுக்கு. தலையைப் பத்துப் பன்னிரண்டு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் இரண்டு காலாக்கி, ஒவ்வொரு காலையும் முதலில் வலப்பக்கம் முறுக்கி, பிறகு இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக இடப்பக்கம் சுற்றிக்கொண்டே வாருங்கள். இந்த எதிரெதிர் முறுக்குதான் அதைப் பிரியாமல் வைத்திருக்கும், ரெண்டும் ஒரே பக்கம் போனால் விட்டவுடன் அவிழ்ந்துவிடும். பின்னலைவிட வேரை இழுப்பது குறைவு, பிரிப்பதும் சுலபம், பிரித்த அன்று அழகான சுருள் கிடைக்கும், தீபாவளிக்கு முந்தின இரவு போட்டுக் காலையில் பிரித்தால் வேறு அலங்காரமே வேண்டாம். அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் சேர்த்துத் தாழ்வாக ஒரு கொண்டை போட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

கார்ன்ரோ வீட்டிலேயே போடலாம், பழக நாள் எடுக்கும். முதலில் பின்மண்டையில் பழகுங்கள், முன்னால் போகாதீர்கள். சிறு கற்றையை மூன்றாகப் பிரித்து, பக்கத்துக் காலை நடுக்காலுக்கு அடியில் கொண்டுபோய்ப் பின்ன வேண்டும், மேலே போட்டால் நம் பிரெஞ்சுப் பின்னல், அடியில் போட்டால் வரிசை மேலே எழும்பி நிற்கும். ஒவ்வொரு மடிப்பிலும் நடுக்காலோடு அடியிலிருந்து கொஞ்சம் முடி சேர்த்துக்கொண்டே போக வேண்டும், ஒரே தடவையில் நிறைய எடுத்தால் அந்த இடத்தில் மட்டும் இழுக்கும். கை தலையை விட்டு எழும்பக் கூடாது. நெற்றி விளிம்பில் ஒரு விரல் அகல முடியை எடுக்காமல் வெளியே விட்டுவிடுங்கள். அந்த இடத்து முடிதான் மெலிந்தது, போனால் திரும்பி வரத் தயங்குவதும் அதுதான்.

சவுரி சேர்த்துப் போடுவது

பாக்ஸ் பிரெய்டுக்குச் செயற்கை முடி சேர்ப்பார்கள். நமக்குச் சவுரி புதிதில்லை, பரதநாட்டியப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். ஆனால் சவுரி ஒரு மாலைக்கு, இது வாரக்கணக்குக்கு. எடை மயிர்க்காலில் ராத்திரி பகலாகத் தொங்கும். முடிச்சில்லாமல் துவங்கும் முறையைக் கேளுங்கள், நாட்லெஸ் என்பார்கள்: முதலில் சொந்த முடியில் சில மடிப்பு பின்னி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செயற்கை முடியைச் சேர்ப்பது. வேரிலேயே முடிச்சுப் போடும் முறையைவிட இழுப்பு குறைவு, நேரமும் கூலியும் அதிகம். நீளம் தோளுக்குக் கொஞ்சம் கீழே போதும், இடுப்புவரை வேண்டாம். கட்டம் பெரிதாகவும் சேர்க்கும் கற்றை மெலிதாகவும் இருக்கட்டும், பலர் இதைத் தலைகீழாகச் செய்து கேட்கிறார்கள்.

நெகிழி முடியின் மேல் ஒரு பூச்சு இருக்கும், சிலருக்கு அது கழுத்திலும் தலையிலும் அரிப்பு தரும். ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் சிடர் வினிகர் கலந்து ஊற வைத்து, மேலே வெள்ளையாக மிதப்பது போனதும் அலசிக் காய வைத்து எடுத்துக்கொண்டு போங்கள். நுனியை மூடுவதற்குக் கொதிநீரில் முக்குவார்கள், பிள்ளைகளுக்கு அதைச் செய்ய விடாதீர்கள், பேண்டு கட்டி விட்டால் போதும். இங்கே இதைச் செய்யத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை, அதனால் போவதற்கு முன்னால் அவர் போட்டுவிட்ட தலைகளின் படத்தைக் கேட்டுப் பாருங்கள், முதல் நாள் படத்தைவிட மூன்று வாரம் கழித்து எடுத்த படம் இருந்தால் அதைப் பாருங்கள். நம் மாதிரி வழுக்கும் முடியில் போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபிறகு வலித்தால் சொல்ல வெட்கப்பட வேண்டாம், கொடுக்கும் வெள்ளி உங்களுடையது, தலையும் உங்களுடையது. ஆறு முதல் எட்டு வாரம் வைத்திருக்கலாம் என்பார்கள். இந்த ஊர் வியர்வைக்கு நான் நாலு வாரத்தோடு நிறுத்தச் சொல்வேன். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இதை நான் போடச் சொல்ல மாட்டேன்.

நீச்சல், நடனம், துடோங்

தொடக்கப்பள்ளியில் நீச்சல் வகுப்பு இருக்கும் வாரத்தில் காய்ந்த முடியோடு குளத்தில் இறக்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் முதலில் நனைத்தால் முடி அதைக் குடித்துவிடும், குளோரின் தண்ணீருக்கு இடம் குறையும். கொஞ்சம் கண்டிஷனர் தடவி, தாழ்வாக இரண்டு சடை போட்டு, அதன்மேல் தொப்பி. வகுப்பு முடிந்ததும் அவிழ்த்து அலச வேண்டும், பின்னலோடு அப்படியே வீட்டுக்கு வந்து ராத்திரிவரை விடக் கூடாது.

நடனப் பிள்ளைகளுக்குச் சவுரி, குஞ்சலம், பூ எல்லாம் சேர்ந்தால் நல்ல எடை. அதை முன் முடியில் மாட்டாமல், பிடரியில் முதலில் ஒரு சிறு பின்னல் போட்டு அதில் கொண்டை ஊசியைக் கோத்து அந்தப் பின்னலே எடையைத் தாங்கும்படி வையுங்கள். நிகழ்ச்சி முடிந்தவுடன் முதலில் தலையை அவிழ்த்துவிட்டு அப்புறம் படம் எடுக்கலாம் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒத்திகைக்கு முழு அலங்காரம் தேவையில்லை.

துடோங் (முஸ்லிம் பெண்களின் தலைத்துணி) அணியும் சகோதரிகளுக்குப் பின்னல் இன்னும் நல்லது, துணி உரசல் முடியில் படாது. ஆனால் ஈர முடியை மூடாதீர்கள், உள்தொப்பி பருத்தியோ சாட்டினோ காற்றுப் போவதாக இருக்கட்டும், கொண்டையைத் தினமும் ஒரே இடத்தில் போடாமல் ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே என்று மாற்றுங்கள்.

இரவில் பருத்தி உறை முடியின் ஈரத்தை உறிஞ்சி உரசும். சாட்டின் தலையணை உறை சில வெள்ளிக்குக் கிடைக்கும், இல்லையென்றால் கிழிந்த பட்டுச் சேலையில் ஒரு துண்டை வெட்டித் தலையில் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

பின்னல் இருக்கும்போதே தலை கழுவலாம், கழுவத்தான் வேண்டும். சுருங்கிய வாயுள்ள ஒரு குப்பியில் ஷாம்பூவையும் நாலு மடங்கு தண்ணீரையும் கலந்து, வகிடு வகிடாக ஊற்றி, விரல் சதையால் அழுத்துங்கள், நகம் வேண்டாம். நுரை வழிந்து இறங்கும்போது பின்னலும் கழுவப்பட்டுவிடும், அதைத் தேய்க்க வேண்டியதில்லை. நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள், மிச்சம் இருக்கும் ஷாம்பூதான் பாதி அரிப்புக்குக் காரணம். பிறகு பின்னலைத் துணியில் வைத்துப் பிழிந்து, உள்ளே கை வைத்துப் பார்த்து, நடுவில் ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்

இறுக்கத்தால் முடி போவதை மருத்துவர்கள் 1907-லேயே எழுதியிருக்கிறார்கள், கிரீன்லாந்தில் தலைமுடியை இறுக்கி மேலே கட்டிய பெண்களிடம். தலைப்பாகைக்காக முடியை இறுக்கி முடியும் சீக்கிய ஆண்களிடமும் பார்த்திருக்கிறார்கள். எந்த இனம், எந்த முடி என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை, இழுப்பு நாள்பட்டால் யாருக்கும் வரும். முதலில் வலி, பிறகு வேரோரம் சின்னச் சின்னப் பரு, செதில், பின்னலின் அடியில் உடைந்த குட்டி முடிகள். அப்புறம் நெற்றியோரமும் காதுக்கு முன்னாலும் பின்வாங்கும். விளிம்பில் மெல்லிய பூனை முடி மட்டும் ஒரு கோடாக நின்று, அதற்குப் பின்னால் வெறிச்சென்று ஒரு பட்டை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஆரம்பத்தில் நிறுத்தினால் முடி திரும்ப வரும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகி நிரந்தரமாகப் போய்விடும். எண்ணெய் மாற்றிப் பார்க்கலாம், வெங்காயச் சாறு தேய்த்துப் பார்க்கலாம் என்று மாதங்களைக் கடத்தாதீர்கள். பின்னலை அன்றே அவிழ்த்துவிட்டுப் பலதுறை மருந்தகத்துக்குப் போனால், தேவைப்பட்டால் அங்கிருந்தே தேசியத் தோல் மருத்துவ நிலையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள், அப்படிப் போனால் அரசாங்க மானியமும் கிடைக்கும்.

பிரிக்கும் நாள்

போட்டதற்குச் செலவழித்த பொறுமையில் பாதிகூட யாரும் பிரிப்பதற்குச் செலவழிப்பதில்லை, நிறைய முடி போவது இங்கேதான். இரட்டைச் சடை என்றால் அதிகபட்சம் ஒரு வாரம், முறுக்கும் சின்னப் பின்னலும் இரண்டு வாரம். சின்ன சிலிக்கான் பேண்டுகளை இழுத்து உருவாதீர்கள், கத்தரிக்கோல் நுனியால் வெட்டிவிடுங்கள். நுனியிலிருந்து விரலாலேயே பிரித்துக்கொண்டு மேலே வாருங்கள். பின்னல் துவங்கிய இடத்தில், வேருக்குச் சற்று மேலே, சாம்பல் நிறத்தில் ஒரு அழுக்கு வளையம் இருக்கும். தூசியும் எண்ணெயும் உதிர்ந்த முடியும் சேர்ந்தது அது. அதன்மேல் தண்ணீர் பட்டால் இறுகிச் சடையாகிவிடும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். முதலில் ஒரு துளி எண்ணெயோ கண்டிஷனரோ வைத்து, காய்ந்த முடியிலேயே விரலால் பிரித்து உருவிவிட்டு, அதற்கப்புறம் மட்டும் தலைக்குக் குளியுங்கள்.

கையில் வரும் கற்றையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். யாருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிரும். பின்னலில் அது விழ இடமில்லாமல் உள்ளேயே இருக்கும். இரண்டு வாரம் என்றால் 700-லிருந்து 1,400 முடி ஒரே நேரத்தில் வரும், பார்க்கப் பெரிய பந்தாக இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்: ஒரு முனையில் வெள்ளையாகக் கடுகில் பாதி அளவு குமிழ் இருந்தால் அது தானாக உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் குட்டை குட்டையாக இருப்பவை உடைந்தவை, அவை நிறைய இருந்தால் அடுத்த தடவை இன்னும் தளர்த்த வேண்டும், அல்லது சீக்கிரம் பிரிக்க வேண்டும்.

பிரித்த கையோடு மறுபடி பின்ன உட்காராதீர்கள். ஒரு வாரமாவது தலையைச் சும்மா விடுங்கள், பள்ளிக்குக் கட்டித்தான் போக வேண்டும் என்றால் தாழ்வாக ஒரு தளர்ந்த சடை மட்டும் போடுங்கள். அப்புறம் புதிதாக வகிடு எடுக்கும்போது பழைய கோட்டிலிருந்து அரை விரல் தள்ளி எடுங்கள்.